வேறு கோளுக்குக் கலம் அனுப்பும் விஞ்ஞானிக்கு என்ன வேலை?

2020 அக்டோபர் 22. பூமியிலிருந்து சுமார் 33 கோடி கிலோமீட்டர் தள்ளி, பென்னு என்ற சிறுகோளின் பக்கத்திலிருந்து ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் சில படங்களை அனுப்பியது. இரண்டு நாள் முன்புதான் அது தன் நீண்ட கையை நீட்டி அந்தச் சிறுகோளைத் தொட்டு, மண்ணும் சரளையுமாக ஒரு பிடி அள்ளியிருந்தது. படத்தைப் பார்த்தால் அள்ளியது ஒழுகிக்கொண்டிருக்கிறது. கையின் நுனியில் இருந்த மாதிரித் தட்டில் கொஞ்சம் பெரிய கற்கள் மாட்டிக்கொண்டதால் மூடியிதழ் சரியாக மூடவில்லை. அந்த இடுக்கு வழியே துகள்கள் ஒவ்வொன்றாக வெளியேறி மிதந்துகொண்டிருந்தன.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருந்தார்கள். கையை நீட்டியபடியே கலத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுழற்சியில் வரும் வித்தியாசத்தை வைத்து உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். குறைந்தது 60 கிராம் என்பது இலக்கு. ஆனால் சுழற்றினால் இன்னும் கொட்டும். திட்டத்தின் தலைவர் டான்டே லாரெட்டாவும் குழுவினரும் எடை பார்ப்பதையே கைவிட்டார்கள். தட்டை உடனே பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னார்கள். படங்களைப் பார்த்து ‘60 கிராமுக்கு மேல் இருக்கும்’ என்று நம்பினார்களே தவிர, அளந்து பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் அந்தப் பெட்டி இறங்கியது. எல்லாவற்றையும் பிரித்து எடுத்து எடை போட்டு முடித்தபோது 121.6 கிராம் இருந்தது.

லாரெட்டா விண்வெளி வீரர் அல்ல, ராக்கெட் பொறியாளரும் அல்ல. அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர். விண்கற்களின் வேதியியல் அவருடைய துறை. அந்தத் திட்டத்தில் அவர் வகித்த பொறுப்புக்கு ‘முதன்மை ஆய்வாளர்’ என்று பெயர். துறைக்குள் ‘பி.ஐ.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். கலத்தை ஓட்டவோ கட்டவோ செய்யாத ஒருவர் எப்படி அதன் தலைவராகிறார், ஆனபின் என்னதான் செய்கிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை என்று வெளியே இருந்து பார்க்கும் நமக்குத் தோன்றும். நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதே அவருக்குப் பாதி வேலை. மேலே சொன்ன சம்பவம் அதற்கு நல்ல உதாரணம்.

யாருடைய கலம்?

முதலில் கோள் அறிவியல் என்றால் என்ன என்று பார்ப்போம். கோள்கள், துணைக்கோள்கள், சிறுகோள்கள், வால்நட்சத்திரங்கள் எல்லாம் எப்படி உருவாயின, உள்ளே என்ன இருக்கிறது, இன்று என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஆராயும் துறை அது. இதற்கென்று தனி வாசல் கிடையாது. பாறை படித்தவர்கள், காற்றுமண்டலம் படித்தவர்கள், இயற்பியலாளர்கள், வேதியியலாளர்கள், கணினி நிரல் எழுதுபவர்கள் என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். ஜெரார்ட் கைப்பர் 1960இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் சந்திரனுக்கும் கோள்களுக்கும் என்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். லாரெட்டா வேலை பார்ப்பது அங்கேதான். அதுவரை தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் புள்ளிகளாக இருந்த கோள்கள், கலங்கள் கிளம்பத் தொடங்கியதும் மலையும் பள்ளத்தாக்கும் உள்ள இடங்களாக மாறின. புவியியலாளருக்கு வானத்தில் வேலை கிடைத்தது அப்படித்தான்.

விண்வெளித் திட்டங்களில் தலைமை என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரிய திட்டங்களை விண்வெளி நிறுவனமே முடிவுசெய்து நடத்தும். வெளிக்கோள்களுக்குப் போன வாயேஜர், சனிக்குப் போன காசினி போன்றவை அந்த வகை. அங்கே விஞ்ஞானிகளை ஒருங்கிணைப்பவருக்குத் ‘திட்ட விஞ்ஞானி’ என்று பெயர். வாயேஜரில் எட் ஸ்டோன் 1972 முதல் 2022 வரை, ஐம்பது வருடம், அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்த வகைத் திட்டங்களில் கலத்தில் போகும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஒரு முதன்மை ஆய்வாளர் இருப்பார். 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 இதை விளக்க வசதியான உதாரணம். திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கலத்தைக் கட்டி அனுப்பும் பொறுப்பு அவருடையது. முதன்மை விஞ்ஞானி ஜெ.என். கோஸ்வாமி. கலத்தில் பதினொரு கருவிகள் போயின. அவற்றில் சந்திரனின் கனிமங்களை வரைபடமாக்கும் அமெரிக்கக் கருவிக்கு மட்டும் முதன்மை ஆய்வாளர் கார்லே பீட்டர்ஸ். சந்திரனின் மேற்பரப்பில் நீரின் தடயம் இருப்பதாக 2009இல் அறிவித்தது அவருடைய குழு.

இன்னொரு வகை உண்டு. நாசாவின் டிஸ்கவரி, நியூ ஃபிரான்டியர்ஸ் ஆகிய வரிசைகளில் விஞ்ஞானிகள் போட்டியிட வேண்டும். “எனக்கு இந்தக் கேள்விக்கு விடை வேண்டும், இந்தக் கலம், இந்தக் கருவிகள், இந்தக் குழு, இவ்வளவு பணம், இந்தத் தேதி” என்று முழுத் திட்டத்தையும் ஒரு விஞ்ஞானி தன் பெயரில் முன்வைக்கிறார். ஜெயித்தால் அறிவியலுக்கு மட்டுமல்ல, செலவுக்கும் கால அட்டவணைக்கும் சேர்த்து அவரே பொறுப்பு. இந்தக் கட்டுரையில் முதன்மை ஆய்வாளர் என்று நான் சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான்.

சினிமாவோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். முதன்மை ஆய்வாளர் இயக்குநர் மாதிரி. திட்ட மேலாளர் என்ற பொறியாளர் தயாரிப்பு நிர்வாகி மாதிரி: ஆள், பொருள், நாள் கணக்கு எல்லாம் அவர் கையில். கலத்தோடு தினமும் பேசி ஆணை அனுப்புவது இயக்கக் குழு. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே இரண்டாவது ‘டேக்’ கிடையாது.

கேள்வி கலமாகும் கதை

எந்தத் திட்டமும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது, அதுவும் கலம் போனால் ஒழிய விடை கிடைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். பூமியின் உலோகக் கருவை யாரும் போய்ப் பார்க்க முடியாது. அது நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சராசரியாக 220 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் விட்டமுள்ள சைக்கி என்ற சிறுகோள் சுற்றுகிறது. 1852இல் கண்டுபிடிக்கப்பட்டது. உலோகம் மிகுந்தது என்று தொலைவிலிருந்தே தெரிகிறது. உருவாகும் காலத்தில் மோதல்களில் மேலோடு உரிந்துபோன ஒரு குட்டிக் கோளின் கருவா அது? அல்லது பாறையும் உலோகமும் கலந்த வேறேதாவதா? லிண்டி எல்கின்ஸ்-டான்டன் என்ற விஞ்ஞானி இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய வாழ்க்கைப் பாதையைப் பார்த்தால், இந்த வேலைக்கு ஒழுங்கான ஏணி எதுவும் இல்லை என்பது தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புவியியல் படித்து 1987இல் முதுகலை முடித்தார். பிறகு ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பல வருடம் வணிக உலகில் வேலை பார்த்தார். ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகே திரும்பிப் போய் 2002இல் முனைவர் பட்டம் வாங்கினார். முதுகலைக்கும் முனைவருக்கும் நடுவே பதினைந்து வருடம். பள்ளியில் முதல் மதிப்பெண், நேரே பட்டம், நேரே ஆராய்ச்சி என்று போனால்தான் ஆகும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வணிகத்தில் கற்ற பணக் கணக்கும் ஆள் நிர்வாகமும் பிற்பாடு அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முனைவர் படிப்பில் அதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

கேள்வி இருந்தால் மட்டும் போதாது. 2014இல் நாசா அறிவித்த டிஸ்கவரி போட்டிக்கு 28 திட்டங்கள் வந்தன. 2015 செப்டம்பரில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, விரிவாக வரைந்து காட்ட ஆளுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குழுவும் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஆய்வறிக்கை எழுத வேண்டும். கலத்தின் எடை, மின்சாரம், நினைவகம், சோதனை முறைகள், எது பழுதானால் என்ன செய்வோம் என்பது வரை அதில் இருக்கும். கடைசியில் மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து நாள் முழுக்கக் கேள்வி கேட்கும். 2017 ஜனவரியில் இரண்டு திட்டங்கள் ஜெயித்தன. ஒன்று சைக்கி. மற்றொன்று வியாழனின் பாதையில் கூட்டமாகச் சுற்றும் சிறுகோள்களைப் பார்க்கப் போகும் லூசி.

மீதி மூன்று? அவற்றில் டாவின்சி, வெரிட்டாஸ் என்ற இரண்டும் வெள்ளிக் கோளுக்கானவை. தோற்ற பிறகு திரும்பவும் எழுதி, திருத்தி, அடுத்த போட்டியில் நின்று 2021 ஜூனில் இரண்டுமே ஜெயித்தன. தோற்ற திட்டத்தை வீசிவிடாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பது இந்தத் துறையில் சாதாரணம். ஓசிரிஸ்-ரெக்ஸ் கதையும் அதுதான். மைக்கேல் டிரேக் என்ற பேராசிரியர் 2004 முதல் அந்தத் திட்டத்தை முன்வைத்து வந்தார். ஒருமுறை இறுதிச் சுற்று வரை போய், 2007இல், சந்திரனின் ஈர்ப்பை அளக்கும் கிரெயில் திட்டத்திடம் தோற்றது. கிரெயிலை நடத்தியவர் மரியா ஜூபர். நாசாவின் கலத் திட்டம் ஒன்றுக்கு இப்படித் தலைமை தாங்கிய முதல் பெண். டிரேக்கின் திட்டம் பெரிய வரிசையான நியூ ஃபிரான்டியர்ஸுக்கு மாறி 2011 மே மாதம் தேர்வானது. அதே செப்டம்பரில் டிரேக் இறந்துபோனார். துணை முதன்மை ஆய்வாளராக இருந்த லாரெட்டா பொறுப்பேற்றார்.

எத்தனை வருட வேலை இது என்பதற்கு புளூட்டோவைவிட நல்ல கணக்கு இல்லை. ஆலன் ஸ்டெர்னும் அவருடைய நண்பர்களும் அங்கே கலம் அனுப்ப வேண்டும் என்று வாதாடத் தொடங்கியது 1989இல். ஒன்றன்பின் ஒன்றாக வடிவமைப்புகள் வந்து கைவிடப்பட்டன. 2000இல் அப்போதிருந்த திட்டமும் ரத்தானது. 2001இல் போட்டி அறிவித்தார்கள். அந்த வருடம் நவம்பரில் ஸ்டெர்னின் நியூ ஹொரைசன்ஸ் தேர்வானது. வியாழனின் ஈர்ப்பை ஊன்றுகோலாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் 2006 ஜனவரி, பிப்ரவரிக்குள் கிளம்பியாக வேண்டும். ஜனவரி 19 அன்று கிளம்பியது. புளூட்டோவைக் கடந்தது 2015 ஜூலை 14. முதல் பேச்சுக்கும் அந்த நாளுக்கும் இடையே 26 வருடம். ஒரு மனிதர் தன் வேலைக்காலத்தில் இப்படி எத்தனை நடத்த முடியும்? ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

எதை விடுவது

பணம் முதல் எல்லை. சைக்கி ஜெயித்த போட்டியில் ஏவுதல் போன்ற சில இனங்களைத் தவிர்த்து 45 கோடி டாலர் வரம்பு. அதிலும் கலம் கட்டும் காலத்துச் செலவில் குறைந்தது நான்கில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை எதற்கும் ஒதுக்காமல் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தப் போட்டிகளில் விதி. எடை, மின்சாரம், பூமிக்கு அனுப்பக்கூடிய தகவலின் அளவு ஆகியவையும் பணம் மாதிரியேதான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

இதற்காகவே திட்டம் எழுதும்போதே இரண்டு அளவுகோல்கள் போட்டுவைப்பார்கள். ஒன்று முழுத் திட்டம்: எல்லாம் சரியாக நடந்தால் கிடைக்க வேண்டியவை. இன்னொன்று அடித்தளம்: இதற்குக் கீழே போனால் கலம் அனுப்புவதில் அர்த்தமே இல்லை என்ற கோடு. இரண்டுக்கும் நடுவே இருப்பவைதான் தேவைப்பட்டால் வெட்டக்கூடியவை. சிக்கல் வரும்போது எதை முதலில் வெட்டுவது என்று வரிசை கூட வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னாலும் பத்து வருடம் ஒரு கருவியையோ ஓர் அளவீட்டையோ நம்பி உழைத்த யாரோ இருப்பார்கள். அவரிடம் போய் ‘உன்னுடையது இல்லை’ என்று சொல்வதும் முதன்மை ஆய்வாளர்தான்.

நியூ ஹொரைசன்ஸில் அப்படி விடப்பட்ட ஒன்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். வாயேஜர் கலங்களில் கேமராவைத் தனியாகத் திருப்ப ஒரு சுழலும் மேடை உண்டு. ஆன்டெனா பூமியைப் பார்த்தபடி இருக்கும்போதே கேமரா வேறு பக்கம் பார்க்கலாம். நியூ ஹொரைசன்ஸில் அந்த மேடை இல்லை. எடையும் செலவும் மிச்சம், பழுதாக ஓர் இயந்திரப் பகுதி குறைவு. அதற்குக் கொடுத்த விலை என்ன? கேமராவை புளூட்டோ பக்கம் திருப்ப வேண்டுமானால் முழுக் கலமும் திரும்ப வேண்டும். அப்போது பூமியோடு பேச முடியாது. ஆகவே 2015 ஜூலை 14 அன்று, உலகமே காத்திருந்த அந்த நாளில், கலம் ஏறக்குறைய நாள் முழுக்க மௌனமாக இருந்தது. அன்றிரவு ‘நலமாக இருக்கிறேன்’ என்று ஒரு சிறு சமிக்ஞை வந்து சேரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. படங்கள் எல்லாம் வந்து முடிய 2016 அக்டோபர் ஆனது. அவ்வளவு தூரத்திலிருந்து விநாடிக்கு ஒன்றிரண்டு கிலோபிட்தான் வரும்.

புளூட்டோவைக் கடப்பதற்குப் பத்து நாள் முன்பு, 2015 ஜூலை 4 அன்று, கலத்தோடு திடீரென்று தொடர்பு அறுந்தது. நடந்தது இதுதான்: ஏற்கனவே எடுத்த தகவல்களைச் சுருக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கடந்துபோகும் நாட்களுக்கான நீண்ட ஆணைத்தொடரையும் நினைவகத்தில் எழுதச் சொன்னதில் பிரதான கணினி திணறிவிட்டது. கலம் தானாகவே மாற்றுக் கணினிக்கு மாறி, அத்தியாவசியம் தவிர மற்றதை நிறுத்திவிட்டு உதவிக்குக் காத்திருந்தது. இதைப் பாதுகாப்பு நிலை என்பார்கள். ஓர் ஆணை போய்ச் சேர நாலரை மணி நேரம், பதில் வர இன்னொரு நாலரை. எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற மூன்று நாள்தான் இருந்தது, ஏனென்றால் ஜூலை 7 அன்று முக்கியத் தொடர் ஓடத் தொடங்க வேண்டும். அலிஸ் போமன் தலைமையிலான இயக்கக் குழு தூங்காமல் வேலை பார்த்து மீட்டது. ஸ்டெர்ன் எடுக்க வேண்டிய முடிவு வேறு. அந்த மூன்று நாளில் எடுத்திருக்க வேண்டிய அவதானிப்புகளை எப்படியாவது திரும்பப் பிடிக்க முயல்வதா, விட்டுவிடுவதா? விட்டார்கள். அருகில் போய்ப் பார்ப்பதற்கான தொடர் பத்திரமாக இருந்தால் போதும் என்று முடிவானது.

சில நேரம் விட வேண்டியது தேதியாக இருக்கும். இன்சைட் என்ற கலம் செவ்வாயில் இறங்கி நிலநடுக்கங்களைக் கேட்க வேண்டும். அதற்கான நுண்ணிய கருவி வெற்றிடக் கோளத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் அந்தக் கோளத்தில் கசிவு. 2016 மார்ச்சில் ஏவ வேண்டியது, 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பூமியும் செவ்வாயும் வசதியான நிலைக்கு வர 26 மாதம் ஆகும் என்பதால் ‘அடுத்த மாதம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. முதன்மை ஆய்வாளர் புரூஸ் பானர்ட்டும் குழுவும் காத்திருந்து 2018 மே 5 அன்று ஏவினார்கள். இறங்கிய பிறகு, தரைக்குள் ஐந்து மீட்டர் வரை போய் வெப்பத்தை அளக்க வேண்டிய ஆணி போன்ற கருவி மண்ணில் பிடிப்பில்லாமல் துள்ளியது. ஏறக்குறைய இரண்டு வருடம் முயன்று 2021 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் காத்திருந்து சரிசெய்த அந்த நடுக்கமானி 1,300க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது. செவ்வாயின் கருவின் அளவு நமக்குத் தெரிவது அதனால்தான். கசிவோடு அனுப்பியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

சைக்கியும் 2022இல் கிளம்ப வேண்டியது. பறப்பு மென்பொருளும் அதைச் சோதிக்கும் ஏற்பாடுகளும் உரிய நேரத்தில் தயாராகவில்லை. வெளியாட்கள் கொண்ட ஒரு குழு விசாரித்து, ஆள் பற்றாக்குறை, தகவல் மேலே போய்ச் சேராதது என்று பல குறைகளை வெளிப்படையாக எழுதியது. கலம் 2023 அக்டோபர் 13 அன்றுதான் கிளம்பியது. 2026இல் சேர வேண்டியது இனி 2029 ஆகஸ்டில். ஒரு வருடத் தாமதம் மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கோள்கள் நம் வசதிக்காக நிற்பதில்லை. இப்படியான நேரங்களில் செய்தியாளர்கள் முன்னால் நிற்பதும் முதன்மை ஆய்வாளரின் வேலையில் சேர்த்தி.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வால்நட்சத்திரங்களைப் பார்க்க 2002 ஜூலையில் கிளம்பிய கான்டூர், ஆறு வாரத்தில் தன் ராக்கெட் மோட்டாரை இயக்கிய நேரத்தில் காணாமல் போனது. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்து வந்த ஜெனிசிஸ் பெட்டி 2004 செப்டம்பர் 8 அன்று பாராசூட் விரியாமல் தரையில் மோதி உடைந்தது. இறங்குவதை உணர வேண்டிய சிறு சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, அவற்றிலிருந்தே முக்கியமான முடிவுகளை அதன் முதன்மை ஆய்வாளர் டான் பர்னெட்டின் குழு எடுத்தது என்பது தனிக் கதை.

அன்றாடம் எப்படி இருக்கும்

படம் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கூட்டங்கள், மின்னஞ்சல், செலவு அறிக்கை, மறு ஆய்வுகள். கலம் வடிவமைப்பில் இருக்கும்போது ஒரு பெரிய ஆய்வு, வடிவமைப்பு முடிந்ததும் இன்னொன்று, பாகங்களைச் சேர்க்கத் தொடங்கும் முன் மற்றொன்று என்று வாசல் வாசலாகக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படலாம். சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் மிஞ்சாது. கலம் கிளம்பிய பிறகு வேறு மாதிரிச் சிக்கல். ஒரு நாளில் குறிப்பிட்ட நேரமே கேமரா கீழே பார்க்க முடியும் என்றால், வரைபடம் போடுகிறவருக்கு ஒரு கோணம் வேண்டும், கனிமம் பார்க்கிறவருக்கு வேறு வெளிச்சம் வேண்டும், ஈர்ப்பு அளக்கிறவர் ‘எதையும் அசைக்காதே’ என்பார். எல்லோரும் சொல்வது சரி. இருப்பது ஒரே கலம்.

எதிர்பார்த்த உலகமே வேறாக இருந்துவிடுவதும் உண்டு. பென்னுவில் மணல்வெளி போன்ற சமதளங்கள் இருக்கும், 50 மீட்டர் அகலத்தில் ஓரிடம் கிடைக்கும் என்று நம்பி ஓசிரிஸ்-ரெக்ஸை வடிவமைத்தார்கள். 2018 டிசம்பரில் போய்ப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் பாறை. கடைசியில் கிடைத்தது சுமார் 16 மீட்டர் அகல இடம். லேசர் தூரமானியை நம்பி இறங்கும் பழைய முறையை விட்டு, கலமே படம் எடுத்து, நினைவில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி கண்டுபிடிக்கும் முறைக்கு மாறினார்கள். தொட்டபோது தரை கெட்டியாக இல்லாமல் பந்துகள் நிரம்பிய தொட்டி போல உள்வாங்கி, கை சுமார் அரை மீட்டர் புதைந்தது. அதனால்தான் அள்ளியது அதிகம், அதனால்தான் மூடியும் மாட்டிக்கொண்டது.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் எங்கே தொடங்குவது? யாராவது நடத்தும் திட்டத்தில் ஒரு சின்ன வேலையாகச் சேர்வதுதான் நடைமுறையில் உள்ள வழி. சனியின் துணைக்கோளான டைட்டனில் பறக்கப் போகும் டிராகன்ஃபிளை திட்டத்தின் தலைவர் எலிசபெத் டர்ட்டில், வியாழனுக்குப் போன கலிலியோ, சனிக்குப் போன காசினி திட்டங்களின் படக்குழுக்களில் இளம் ஆய்வாளராக இருந்தவர். 2028இல் ஏவுவதாகத் திட்டம், டைட்டனை அடைய 2034 ஆகும். நியூ ஹொரைசன்ஸில் தூசித் துகள்களை எண்ணும் கருவியைக் கட்டியது கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள். தலைமை தாங்க விரும்புகிறவர்களுக்கு முன்மொழிவு எழுதுவதன் நெளிவுசுளிவுகளைச் சொல்லித்தர 2019இல் நாசா ஒரு பயிலரங்கும் நடத்தியது. அதுவரை இந்தச் சூட்சுமமெல்லாம் பெரும்பாலும் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியதாகவே இருந்தது. அப்படி உட்கார இடம் கிடைக்காதவர்கள் வெளியிலேயே நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

டேனி டெல்லாஜுஸ்டினா அரிசோனாவில் இளங்கலை மாணவியாக இருந்தபோதே டிரேக்கின் முன்மொழிவு வேலைகளில் சேர்ந்தவர். பிறகு ஓசிரிஸ்-ரெக்ஸின் படச் செயலாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். மாதிரிப் பெட்டியை யூட்டாவில் போட்டுவிட்டுக் கலம் நிற்காமல் பூமியைத் தாண்டிப் போனது. அதை இப்போது அபோஃபிஸ் என்ற இன்னொரு சிறுகோளை நோக்கி அனுப்பியிருக்கிறார்கள். திட்டத்தின் பெயர் ஓசிரிஸ்-அபெக்ஸ், முதன்மை ஆய்வாளர் டெல்லாஜுஸ்டினா. அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் கடந்துபோகும். பூமியின் ஈர்ப்பு அதன் மேற்பரப்பைக் குலுக்குமா, சுழற்சியை மாற்றுமா என்று அருகிலிருந்து பார்ப்பதுதான் இந்தமுறைக் கேள்வி. மாதிரி அள்ளும் தட்டு பென்னுவின் மண்ணோடு பெட்டிக்குள் பூமிக்கு வந்துவிட்டதால் இனி எதையும் அள்ள முடியாது. அதற்குப் பதிலாக, தரையை ஒட்டி இறங்கி உந்துகலன்களால் ஊதி, மேலே இருக்கும் தூசியைக் கிளப்பிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.